இருக்கும் வெளிச்சம் யாருக்கு இருக்கிறது?

கடந்த சித்திரையில் செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் பாரதக் கூத்து. அன்று 'துகில்'. நள்ளிரவு தாண்டியிருக்கும். இரண்டுபேர் திரையைப் பிடித்து நிற்க, பின்னாலிருந்து துரியோதன வேஷத்தின் சலங்கை கேட்கிறது. கிரீடத்தின் நுனி மட்டும் திரைக்கு மேலே தெரிகிறது. அந்தக் கணத்தில் என்னுடன் வந்திருந்த புகைப்பட நண்பரின் ஃபிளாஷ் வெட்டியது. இரண்டு தடவை, மூன்று தடவை. பக்கத்திலிருந்த பெரியவர் திரும்பினார்: "ஏம்பா, மின்னல் கணக்கா அடிக்கிறியே, ஆடறவன் கண்ணு இன்னாவறது?" நண்பர் ஃபிளாஷை அணைத்துவிட்டார். விடியும்வரை கம்பத்தில் கட்டியிருந்த விளக்குகளின் வெளிச்சத்திலேயே எடுத்தார்.

பிறகு இருவகைப் படங்களையும் பரப்பிவைத்து நண்பர்கள் கூடிப் பேசினோம். ஃபிளாஷ் படங்களில் கிரீடத்திலும் புஜகீர்த்தியிலும் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லுகள் வெள்ளை ஓட்டைகளாகிவிட்டன. அரிதாரம் பூசிய முகம் காலண்டர் படம்போலத் தட்டை. பின்னால் ஒரே கறுப்பு. தூரம் இரட்டித்தால் ஃபிளாஷ் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். பத்தடியில் நிற்கும் நடிகர் துலங்க, நாற்பதடியில் இருக்கும் ஊர் இல்லாமலே போகிறது. ஊரிலிருந்து பிய்த்தெடுத்து ஸ்டுடியோவில் நிறுத்திய கூத்து அது. மற்ற படங்களில் நிறம் மஞ்சள் பாய்ந்திருந்தது, சுழலும் கை கலங்கியிருந்தது. ஆனால் ஆட்டம் இருந்தது. உடனே தீர்ப்பு: ஃபிளாஷ் என்பது வன்முறை, இருக்கும் வெளிச்சமே அறம். நானும் தலையாட்டினேன். இப்போது அந்தத் தலையாட்டலின்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

ஃபிளாஷை வன்முறை என்று சொல்ல வரலாற்றில் ஆதாரம் இல்லாமலில்லை. 1887இல் ஜெர்மனியில் மக்னீசிய ஃபிளாஷ் பொடி வந்தது. நியூயார்க்கில் போலீஸ் செய்திகளை எழுதிக்கொண்டிருந்த ஜேக்கப் ரீஸ் அதை எடுத்துக்கொண்டு ஏழைகளின் குடியிருப்புகளுக்குள் இரவில் நுழைந்தார். முதலில் பொடியைத் துப்பாக்கியில் வைத்துச் சுட்டார். ஜனங்கள் மிரண்டதால் வாணலியில் கொட்டிக் கொளுத்தினார். இரண்டு தடவை வீட்டுக்கும் ஒரு தடவை தனக்கும் தீ வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். தூங்கிக்கொண்டிருந்தவர்களை அவர் கேட்டுக்கொண்டா எடுத்தார்? 1890இல் வந்த அவரது புத்தகத்தில் இருப்பவர்கள் தங்கள் வறுமையோடு பிடிபட்டவர்கள்.

இதற்கு நேரெதிராக நாம் கொண்டாடுவது எரிக் சாலமன். சட்டம் படித்தவர். எர்மனாக்ஸ் என்ற சிறிய காமிராவின் லென்ஸ் அன்றைக்கு வேறெதையும்விட அதிக வெளிச்சத்தை உள்ளே விட்டது. 1928 முதல் ஃபிளாஷ் இல்லாமலே நீதிமன்றங்களிலும் சர்வதேச மாநாடுகளிலும் புகுந்து எடுத்தார். 1930இல் ஹேக் மாநாட்டில் பின்னிரவில் சோர்ந்து சரிந்த மந்திரிகளை அவர் காட்டினார். யூதரான அவர் 1944இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அதிகாரத்தை அதன் அசட்டையில் பிடித்த கலைஞன் என்ற மரியாதை அவருக்கு உரியதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாலமனுக்கு ஃபிளாஷ் ஏன் தேவைப்படவில்லை? மந்திரிகள் உட்காரும் அறையில் விளக்குகள் இருந்தன. ரீஸுக்கு ஏன் தேவைப்பட்டது? அவர் போன பல அறைகளில் ஜன்னலே இல்லை. அங்கே இருட்டுதான் செய்தி. 'இருக்கும் வெளிச்சத்தில் மட்டுமே எடுப்பேன்' என்று ரீஸ் விரதம் இருந்திருந்தால் அந்த அறைகள் வெளியே தெரிந்திருக்காது. நியூயார்க்கில் புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் ஒவ்வொரு அறைக்கும் ஜன்னல் வேண்டும் என்ற சட்டம் வந்தது 1901இல்; அதற்கு முன்நின்ற கிளர்ச்சியில் அவர் படங்களுக்கும் பங்குண்டு.

ஆக, 'இருக்கும் வெளிச்சம்' என்பது இயற்கை அல்ல. யாரோ ஒருவர் யாருக்கோ ஏற்கெனவே பங்கிட்டுக் கொடுத்தது. ஃபூக்கோ படித்த நமக்கு வெளிச்சம் என்றாலே காவல் கோபுரம்தான் ஞாபகம் வருகிறது. பார்க்கப்படுவது மட்டுமல்ல, பார்க்கப்படாமலே போவதும் அதிகாரத்தின் வேலைதான்.

இந்தக் கண்ணோடு நண்பரின் 'அறமான' படங்களை மறுபடி பார்த்தேன். கம்பத்து விளக்கு ஆடுகளத்தைப் பார்க்கத் திருப்பப்பட்டிருந்தது. வேஷக்காரர்கள் இருக்கிறார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் கொஞ்சம் இருக்கிறார்கள். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க மத்தளம் அடித்தவர், முகவீணை ஊதியவர், பின்பாட்டுக்காரர் – ஒருத்தருக்கும் முகம் கிடையாது. இருட்டுக்குள் சில கறுப்பு உருவங்கள். ஃபிளாஷ் ஊரை அழித்தது என்றால், நம் அறம் இவர்களை அழித்திருக்கிறது. இன்றைய காமிராக்கள் ஐஎஸ்ஓ 6400இலும் சுலபமாக எடுக்கின்றன. அதனால் இருட்டே தீர்ந்துவிட்டது என்கிறார்கள். காமிராவின் அளவை எதற்கு வைக்கிறோம்? வெளிச்சம் விழுந்த முகத்துக்கு. விழாத முகம் அப்போதும் கீழேதான்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் வாதம் பண்ணவில்லை. 'கர்ண மோட்சம்' அன்று திரும்பவும் போனோம். வேஷம் கட்டும் கொட்டகையில் வாத்தியக்காரர்களிடம் கேட்டார். திரை வரும்போது வேண்டாம், கட்டியக்காரன் வேடிக்கை பேசும்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, ஃபிளாஷ் அதில் பட்டுத் திரும்பி அவர்கள்மேல் மெதுவாக விழும்படி வைத்தார். நாலே படம்.

காமிராவின் பின்புறத்தில் தன் உப்பிய கன்னத்தைப் பார்த்த முகவீணைக்காரர் அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு காப்பி குடுத்துட்டுப் போங்க சார். பென்ஷனுக்கு எழுதிப் போட்டா, நீ கூத்துல இருந்ததுக்கு போட்டோ எங்கன்னு கேக்கறாங்க" என்றார்.

நாங்கள் கூடிப் பேசியபோது மேசையில் அவருடைய கூத்துப் படங்கள் நிறைய இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் அங்கே கொண்டுபோய்க் காட்ட முடியாது.