எங்க ஊருக்கும் ஒரு காத்தாடி வேணும்!

ஆடி மாசத்தில் உடுமலைப்பேட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த ஆடிக்கே கிளம்புங்க. பல்லடம் தாண்டித் தெற்கே போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்காருங்க, ஷட்டரை ஏற்றிவிடுங்க, மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். முதலில் தூரத்தில் ஒன்றே ஒன்று தெரியும், வெள்ளை வெளேரென்று. சுற்றுகிறதா நிற்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குள் அதற்குப் பின்னால் நாலைந்து, அதற்கும் பின்னால் ஒரு கூட்டம், சாலை திரும்பியதும் தென்னந்தோப்புத் தலைக்கு மேலே, சோளக்காட்டு நடுவிலே, கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் காத்தாடி காத்தாடி காத்தாடி!

காத்தாடி என்று நாம் சொல்கிற அந்தக் காற்றாலைக்கு அடியில் போய் நின்று பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். கழுத்து வலிக்க அண்ணாந்தேன். ஒவ்வொரு இறக்கையும் மேகத்துக்குள்ளிருந்து இறங்கி வருகிறது, தலைக்கு மேலே ‘வூஷ்’ என்று கடக்கிறது, அந்தச் சத்தம் அடங்கும் முன் அடுத்த ‘வூஷ்’, நிழல் தரையில் ஓடி வந்து என் மேல் ஏறி இறங்கி அந்தப் பக்கம் ஓடுகிறது, கோபுரத்தில் கை வைத்தால் உள்ளங்கையில் லேசாக ஒரு அதிர்வு ஏறுகிறது. பார்ப்பதற்கு என்னவோ சாவகாசமாகத்தான் சுற்றுகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க: 80 மீட்டர் விட்டத்தில் நிமிடத்துக்கு 15 சுற்று என்றால் இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல்! இது மனதில் உறைத்ததும் நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன், சின்னப் பிள்ளை தேரைப் பார்த்துக் கத்துமே அப்படி. வெட்கமே படவில்லை. இப்போது எழுதும்போதுகூடக் கை பரபரக்கிறது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த நம் பெரியவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் எழுப்பின மாதிரி நீளமாக நிற்கிறது இல்லையா, அதில் பாலக்காட்டில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அத்தனையும் முண்டியடித்துக்கொண்டு அந்த வாசல் வழியாக உள்ளே பாய்கிறது. தெற்கே செங்கோட்டைக் கணவாய், அதற்கும் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், அங்கேயும் இதே கதைதான், அதனால்தான் முப்பந்தலில் அத்தனை காத்தாடிகள். இதில் இன்னொரு ரகசியம் கேளுங்க. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கிற சக்தி இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது! அப்படியென்றால் ஒரு கணவாய் எவ்வளவு பெரிய சொத்து! 1986இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் சின்னச் சின்ன இயந்திரங்களோடு ஆரம்பித்தது, இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது.

நான் அண்ணாந்து நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங் தம்பி, இதெப் பாக்கறதுக்கா இத்தனை தூரம் வந்தீங்க?” என்றார். ஆமாங்கய்யா என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அந்தக் காத்தாடி நிற்கிற துண்டு நிலம் அவர் கிரயம் பண்ணிக்கொடுத்ததாம். “மானாவாரிக் காடுங்க. மழ பேஞ்சாத்தான் சோளம், இல்லீனா ஒண்ணுமில்லீங்க. வித்த காசுல மிச்சக் காட்டுக்குப் போர் போட்டு, சொட்டு நீரு போட்டு, தென்னை வெச்சேனுங்க” என்று கையை நீட்டிக் காட்டினார். பாருங்க, இதுதான் இதில் இருக்கிற அழகு! கோபுரத்துக்கு வேண்டியது கொஞ்சம் இடம்தான். சுற்றிலும் சோளம் விளைகிறது, தட்டைப்பயறு படர்கிறது, ஆடு மேய்கிறது, மேலே கரண்டு விளைகிறது. ராட்சத இறக்கைகளை லாரியில் கொண்டுவருவதற்காகப் போட்ட பாதையில் இப்போது அவர் வீட்டு இளநீர் வண்டி போகிறது. பேரன் ஐடிஐ முடித்துவிட்டு அதே காத்தாடிகளில் பராமரிப்பு வேலைக்கு ஏறுகிறானாம், அதைச் சொல்லும்போது பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சரி, நிலம் இல்லாத நமக்கு என்ன கிடைக்கிறது? நம் வீட்டு மிக்ஸியும் ஃபேனும் ஓடுகிறதே! காற்றுக் காலத்தில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் காற்றிலிருந்து மட்டும் வந்த நாட்கள் உண்டு, அதாவது மாநிலம் முழுக்க அன்று செலவழிகிற மின்சாரத்தில் ஏறத்தாழ கால்வாசி. அந்த நேரத்தில் அனல் மின் நிலையங்களில் உற்பத்தியைக் குறைத்து நிலக்கரியை மிச்சம் பிடிக்கிறார்கள். காற்றுக்கு யாரும் விலை கேட்பதில்லை, கப்பலில் ஏற்றி வர வேண்டாம், சாம்பலைக் கொட்ட இடம் தேட வேண்டாம். கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைக்காரர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். உடுமலைக் காட்டில் சொந்தக் காத்தாடி வைப்பது, அது கம்பியில் ஏற்றிவிடும் யூனிட்டைத் தங்கள் மில் மீட்டரில் கழித்துக்கொள்வது. கரண்டு பில் பயம் குறைந்தால் ஸ்பிண்டில் நிற்காது, ஸ்பிண்டில் நிற்காவிட்டால் ஷிப்டுக்குப் போகிறவர்களின் சம்பளமும் நிற்காது.

இனிமேல் சொல்லப்போவதுதான் என் உயிர். மில் முதலாளி காத்தாடி வாங்கலாம், ஒரு கிராமம் வாங்க முடியுமா? வாங்கியிருக்கிறது ஐயா, வாங்கியிருக்கிறது! மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், நீலகிரி மலை அடிவாரத்தில், ஓடந்துறை ஊராட்சி! 1996லிருந்து பத்து வருடம் தலைவராக இருந்த ஆர். சண்முகம் காலத்தில், தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டுகிற கரண்டு பில்லைப் பார்த்து ஊரே மலைத்துப்போன சமயத்தில், முதலில் மரக்கழிவை எரித்து வாயுவாக்கி மோட்டார் ஓட்டிப் பார்த்தார்கள், சோலார் தெருவிளக்கு போட்டுப் பார்த்தார்கள், அப்புறம் நேரே காத்தாடிக்கே போய்விட்டார்கள். விலை 1.55 கோடி ரூபாய்! ஒரு ஊராட்சிக்கு! சேமிப்பாகக் கையில் இருந்தது 40 லட்சம், அதை எடுத்து வைத்தார்கள், மிச்சம் 1.15 கோடிக்கு வங்கியில் கடன் வாங்கினார்கள், 2006இல் 350 கிலோவாட் காத்தாடி ஒன்றைத் தங்கள் ஊரில்கூட இல்லை, காற்று எங்கே கொட்டுகிறதோ அங்கே, உடுமலைப் பக்கம் மைவாடியில் போய் நிறுத்தினார்கள். நினைச்சுப் பாருங்க, மைவாடியில் இறக்கை சுற்றுகிறது, ஓடந்துறையில் குழாயில் தண்ணீர் வருகிறது! ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது, ஊருக்குத் தேவை சுமார் 4.5 லட்சம், மீதியை மின் வாரியத்துக்கு விற்றார்கள், விற்ற காசில் கடனை அடைத்தார்கள், பில் கட்டிக்கொண்டிருந்த ஊர் கரண்டு விற்கிற ஊராகிவிட்டது! எங்கெங்கிருந்தோ ஆட்கள், வெளிநாட்டுக்காரர்கள்கூட, இந்த ஊரைப் பார்க்க வந்தார்கள். நானும் அந்தத் தெருக்களில் நடந்தேன். சாயங்காலம் தெருவிளக்கு எரிந்ததும் ஒரு கம்பத்தடியில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன், போகிறவர் வருகிறவரெல்லாம் யாரிது என்று திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, ஏனென்றால் இந்த ஊர் தனக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தானே காசு போட்டு வாங்கிய ஊர்!

அந்த ஊரில் வரிசையாக நிற்கிற பசுமை வீடுகளையும் பார்த்துவிட்டு வாருங்க. 2011இல் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது, 300 சதுர அடி வீடு, சூரிய மின்சக்தியில் எரிகிற ஐந்து விளக்கு. அடுக்களையில் ஒன்று எரிந்தால் அந்த வெளிச்சத்தில் பிள்ளை பாடம் படிக்கும். இன்றைக்கு அந்த வாய்ப்பு உங்கள் மொட்டை மாடிக்கும் வந்திருக்கிறது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் பேனல் மாட்டினால் 78,000 ரூபாய் மானியம். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மூன்றுக்கு 12 யூனிட். இரண்டு மாத பில்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கழித்துப் பாருங்க, சிரிப்பு தானாக வரும்!

காற்று வருடம் முழுக்க அடிப்பதில்லை, வைகாசியில் பிடித்து ஆவணி, புரட்டாசி வரைக்கும்தான் அதன் ஆட்டம், அப்புறம் காத்தாடி களைத்துப்போய் நிற்கும் என்பார்கள். நிற்கட்டுமே! அதற்குத்தான் மாசியிலும் பங்குனியிலும் வெயில் காய்கிறது. கமுதியில் 2016இலேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்துவிட்டது. காற்றும் வெயிலும் முறை வைத்து உழைக்க, அந்த வானம் பார்த்த பூமிக்காரர்கள் இனிமேல் மழைக்காக மட்டும் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

ஓடந்துறை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: காத்தாடி யாருடையதோ லாபமும் அவருடையது. நிலத்துக்காரர் நிலத்துக்கு விலை வாங்கினார், மில் சொந்தக் காத்தாடியே வாங்குகிறது, ஊர் ஏன் வாங்கக்கூடாது? ஆகஸ்ட் 15 கிராம சபை சரியாகக் காற்றுக் காலத்தில்தான் வருகிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போங்க, முன் வரிசையில் உட்காருங்க, எழுந்து நின்று கேளுங்க: நம்ம ஊராட்சி வருடத்துக்கு எவ்வளவு கரண்டு பில் கட்டுகிறது, சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது, பள்ளிக்கூட மாடியிலும் ஊராட்சி அலுவலக மாடியிலும் பேனல் எப்போது ஏறும், நமக்கென்று ஒரு காத்தாடி எப்போது வரும்? நான் எங்க ஊரில் கேட்கப்போகிறேன், சத்தமாகக் கேட்கப்போகிறேன். காற்று இத்தனை காலம் நம்ம ஊர் வழியாகச் சும்மா போய்க்கொண்டிருந்தது, இனிமேல் வாடகை கொடுத்துவிட்டுப் போகட்டும்!