ஓ... மடை திறந்தா?

2006-ல் இரண்டு 'வல்லவன்' வந்தார்கள். ஒருவரை உங்களுக்கு நிச்சயம் தெரியும். சிம்பு இயக்கி நடித்து, யுவன் இசையில், தீபாவளிக்கு ரிலீஸானவர். இன்னொரு வல்லவன் கோலாலம்பூரிலிருந்து சி.டி.யாக வந்தவன். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்று மூன்று பேர். குழுவின் பெயர், 'யோகி பி அண்ட் நட்சத்திரா'. அன்றைக்கு மியூஸிக் கடையில் போய் "வல்லவன் இருக்கா?" என்றால், கடைக்காரர் யோசிக்காமல் சிம்புவை எடுத்து நீட்டுவார். "அது இல்லீங்க, ராப்பு" என்றால், முகம் மலர்ந்து "ஓ... மடை திறந்தா?" என்பார்.

அந்த 'ஓ... மடை திறந்தா?'வைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறேன்.

பாட்டு எங்கேதான் ஒலிக்கவில்லை! எஃப்.எம்., டி.வி., காலேஜ் கல்ச்சுரல்ஸ், செல்போன் ரிங்டோன் எல்லாவற்றிலும் அதுதான். எங்கள் நெமிலிச்சேரிக்கு அது வந்தது ஷேர் ஆட்டோ வழியாக. ஆவடியில் ஏறினால் திருநின்றவூர் வரைக்கும் சி.டி.ஹெச். ரோட்டில் சீட்டுக்கு அடியில் ஸ்பீக்கர் அதிரும். நெமிலிச்சேரியில் இறங்கின பிறகும் கொஞ்ச நேரத்துக்கு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவுட்டர் ரிங் ரோடெல்லாம் அப்போது கிடையாது. அது வர இன்னும் பல வருஷம் இருந்தது. மலேசியத் தமிழன் அதற்கு முன்பே வந்துவிட்டான்.

இப்படி ஹிட்டான ஒரு ஆல்பத்தை நாம் எப்படி வரவேற்றோம்? இரண்டே கட்சிதான். ஒன்று, "இளையராஜா பாட்டைக் கெடுத்துட்டானுங்க." மற்றது, "செம ரீமிக்ஸ் மச்சி." அடித்துக்கொண்ட இந்த இரண்டு கட்சிக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: அது ரீமிக்ஸ். அவ்வளவுதான். 2004-ல் 'நியூ' படத்துக்காக 'தொட்டால் பூ மலரும்' மறுபடி மலர்ந்த நாளிலிருந்து ரீமிக்ஸ் சீஸன் களைகட்டியிருந்தது. அந்தக் கணக்கிலேயே இதையும் எழுதி மூடிவிட்டோம்.

கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். மூலப் பாட்டு, பாரதிராஜாவின் 'நிழல்கள்' படத்தில் வந்தது. வருஷம் 1980. வாலி எழுதி எஸ்.பி.பி. பாடியது. படம், வேலை கிடைக்காத இளைஞர்களைப் பற்றியது. அதில் சந்திரசேகர், சினிமாவில் இசையமைக்க வாய்ப்புத் தேடும் ஓர் ஏழைக் கலைஞன். தான் பெரிய ஆளாகப் போகிறோம் என்கிற துள்ளலில் பாடுகிற பாட்டு அது. கையில் காசில்லை, மனசில் ராஜாங்கம். யோசித்துப் பாருங்கள், ராப் என்பதே அதுதானே! இளையராஜாவின் நூற்றுக்கணக்கான பாட்டுகளை விட்டுவிட்டு இந்தப் பையன்கள் ஏன் இதைத் தொட்டார்கள் என்று யாருமே கேட்கவில்லை. பாட்டைக் கெடுக்க நினைப்பவனுக்கு இவ்வளவு சரியாகத் தேர்ந்தெடுக்கத் தெரியாது.

அடுத்தவர் இசைத்தட்டின் மேல் ஏறி நின்று பேசுவதில்தான் ஹிப்ஹாப்பே பிறந்தது. 1973 ஆகஸ்ட்டில், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் நடந்த ஒரு பார்ட்டியில் டி.ஜே. கூல் ஹெர்க் இரண்டு டர்ன்டேபிள்களை வைத்துக்கொண்டு, பாட்டில் தாளம் மட்டும் தனித்து வரும் இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினார். ஜனம் ஆடியது. பிற்பாடு அந்த இடைவெளியில் மைக் பிடித்தவர்கள் ராப்பர்கள் ஆனார்கள். இது திருட்டா, மரியாதையா என்று அமெரிக்காவிலேயே கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. நாம் தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

என்னை அந்த ஆல்பத்தில் பிடித்து உட்காரவைத்தது தமிழ். அதே 2006-ல்தான் தமிழ்ப் பெயர் வைத்தால் சினிமாவுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று இங்கே அரசு அறிவித்தது. 'ஜில்லுனு ஒரு காதல்' அவசரமாக 'சில்லுனு' ஆனது. 'சம்திங் சம்திங்'கை வெட்டிவிட்டு 'உனக்கும் எனக்கும்' என்று போஸ்டர் ஒட்டினார்கள். வரிச்சலுகை தந்தால்தான் நமக்குத் தமிழ் வரும்! ஒரு சலுகையும் இல்லாமல் கோலாலம்பூர்ப் பையன்கள் தங்கள் ஆல்பத்துக்கு 'வல்லவன்' என்று பெயர் வைத்தார்கள். யோகி பி ஒன்றும் புதுமுகம் இல்லை. 'பொயட்டிக் அம்மோ' என்ற குழுவோடு 1998-லேயே ஆல்பம் போட்டவர். ஆங்கிலத்திலேயே காலம் தள்ளியிருக்கலாம், தமிழுக்கு வந்தார்.

தமிழில் ராப் எழுதுவது சுலபம் மாதிரி தெரியும். வந்தான், போனான், நின்றான் என்று வினைச்சொல்லெல்லாம் ஒரே மாதிரி முடிவதால் கடைசி எதுகை ஓசியில் கிடைக்கிறது. ஓசியில் கிடைப்பதால்தான் அது இனிப்பதில்லை. ஆங்கில ராப்பர் கஷ்டப்பட்டுத் தேடுகிற இயைபு, தமிழில் பள்ளி ஆண்டுவிழாக் கவிதை ஆகிவிடுகிறது. நட்சத்திரா பையன்கள் நம்பியது வேறொன்றை. இரண்டாம் எழுத்து எதுகை, அப்புறம் க்க, ட்ட, த்த, ப்ப என்று இரட்டிக்கும் வல்லினம். அதைத் தாளத்தின் மேல் ஆணி மாதிரி அடிக்கிறார்கள். யோகி பி-யின் கனத்த குரலில் அந்த 'ட்ட'வைக் கேட்டுப் பாருங்கள்.

(உடனே ஒரு நண்பர் "இதெல்லாம் அருணகிரிநாதரே பண்ணிட்டார் சார்" என்பார். சந்தம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அவர் முருகனிடம் சொன்னார். ராப்பர், பக்கத்து சீட்டுக்காரனிடம் சொல்கிறான். வித்தியாசம் இருக்கிறது.)

குறை இல்லையா? இருக்கிறது. 'நாங்க யார் தெரியுமா?' தொனி கொஞ்சம் ஓவர். ஒரு கட்டத்தில் "தெரியும்பா, மேல சொல்லு" என்று சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்க உச்சரிப்பில் வரும் ஆங்கிலத் துண்டுகள் இன்று பழைய ஃபேஷன் பெல்பாட்டம் மாதிரி தொளதொளக்கின்றன. பெருமிதத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது, ரப்பர்த் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த தங்கள் ஜனத்தின் கதைக்குக் கொடுத்திருக்கலாம். 2007 நவம்பர் 25-ல் கோலாலம்பூர்த் தெருவில் இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் திரண்டு, கண்ணீர்ப்புகை வாங்கியபோதுதான் அவர்களுக்கு இத்தனை குமுறல் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரிந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே அந்த ஊர்ப் பையன்கள் எங்கள் ஷேர் ஆட்டோவில், 'எங்களைக் கொஞ்சம் கவனி' என்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இளையராஜா மெட்டு எப்போது திரும்ப வரும் என்று காத்திருந்தோம்.

நான் பி.காம். வரவு-செலவு பார்க்காமல் தூக்கம் வராது. பர்மா பஜாரில் இருபத்தைந்து ரூபாய் எம்.பி.3 சி.டி.யில் நூறு பாட்டு. அதில் 'மடை திறந்து' ஒன்று. அந்த இருபத்தைந்தில் கோலாலம்பூருக்கு ஒரு பைசா போயிருக்காது. லாபம் வேறு கணக்கில் ஏறியது. 2007-ல் 'பொல்லாதவன்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்' ரீமிக்ஸுக்கு யோகி பி-யைக் கூப்பிட்டார்கள். அப்புறம் 'விவேகம்', 'காலா' என்று போனது. தனியாக நின்று ஒரு முழு ஆல்பம் பேசியவரை, ஹீரோவைப் புகழ்வதற்கு நடுவில் சில வரி பேசவைத்தோம். 2012-ல் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம் போட்ட கோயமுத்தூர் ஆதியும் மூன்று வருஷத்தில் 'ஆம்பள'வுக்கு இசையமைக்கப் போய்விட்டார். அவர்கள் மேல் தப்பில்லை, வீட்டு வாடகை கொடுக்க வேண்டுமே! சினிமா தவிர வேறு கல்லாப்பெட்டியை நாம் வைத்திருக்கிறோமா?

'வல்லவன்' சொல்லாமல் விட்ட தோட்டத்துக் கதையைச் சொன்னவர், எங்கள் அரக்கோணம் லைன்காரர்தான். அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து 2021-ல் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. சினிமாப் பாட்டு இல்லை, ஆனாலும் உலகம் முழுக்கக் கேட்டது. அந்த ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் பாட்டின் குரல்களில் ஒருவரான தீ இருந்தார், அறிவைக் காணோம். பா.ரஞ்சித் உள்பட பலர் சத்தம் போட்ட பிறகு, டிஜிட்டல் அட்டை ஒன்றில் வந்தார். 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். பர்மா பஜார் சி.டி. காலத்துக்கும் இதற்கும் கணக்கில் என்ன முன்னேற்றம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். 'வல்லவன்' ஆல்பத்தைத் தேடிப் பிடித்து, 'மடை திறந்து'வை மட்டும் தாண்டிப் போய் மற்ற பாட்டுகளைக் கேளுங்கள். பிடிக்காமலும் போகலாம். அப்படியானால், எந்தப் பாட்டு என்று பெயர் சொல்லித் திட்டி எழுதுங்கள். பத்தொன்பது வருஷத்துக்கு மேல் தாமதமான விமர்சனம், இப்போதாவது வரட்டும்.