மிதக்கும் எலியும் மனச்சோர்வும்

கண்ணாடி உருளையில் 25 டிகிரி வெப்பத்தில் தண்ணீர். அதில் ஓர் எலியை விடுகிறார்கள். அது சுவரைப் பிறாண்டி மேலேறப் பார்க்கிறது, சுற்றிச் சுற்றி நீந்துகிறது, சில சமயம் அடிவரை முங்கி வழி தேடுகிறது. சில நிமிடங்களில் ஓய்ந்து, மூக்கு மட்டும் வெளியே தெரிய, மூழ்காமலிருக்க வேண்டிய அளவுக்கு மட்டும் காலை அசைத்தபடி மிதக்கிறது. 15 நிமிடம் கழித்து எடுத்துத் துவட்டிக் கூண்டில் விடுகிறார்கள். மறுநாள் மறுபடியும் 5 நிமிடம். இம்முறை அது சீக்கிரமே மிதக்கத் தொடங்கிவிடும். அப்படி அசையாமல் கிடக்கும் விநாடிகளைக் கணக்கெடுப்பதுதான் கட்டாய நீச்சல் சோதனை.

1977-இல் ரோஜர் போர்சோல்ட்டும் சகாக்களும் இதை ‘நேச்சர்’ இதழில் மனச்சோர்வுக்கான விலங்கு மாதிரியாக முன்வைத்தார்கள். தப்ப வழியில்லை என்று கண்டு எலி நம்பிக்கை இழந்துவிட்டது என்பது அவர்களுடைய விளக்கம். அன்றைய மனச்சோர்வு மருந்துகளைக் கொடுத்தபோது எலிகள் கூடுதல் நேரம் போராடின. ஒரு கண்ணாடி உருளை, ஒரு கடிகாரம், இரண்டு நாள் வேலை. மருந்து நிறுவனங்களுக்கு இதைவிட மலிவான சல்லடை கிடைக்கவில்லை. பல பத்தாண்டுகள் உலகெங்கும் இது நிலைத்துவிட்டது.

சல்லடை வேலை செய்யத்தான் செய்கிறது. வெவ்வேறு வகையைச் சேர்ந்த பழைய மருந்துகள் இதில் சிக்கின. பிற்காலத்தில் கெட்டமைனும் சிக்கியது. ஆனால் அசைவைக் கூட்டும் ஆம்ஃபெட்டமைனும் காஃபீனும்கூடச் சிக்குகின்றன. அவை யாருடைய மனச்சோர்வையும் தீர்ப்பவை அல்ல. மறுபக்கம், இன்று மருத்துவர்கள் அதிகம் எழுதித்தரும் செரோடோனின் சார்ந்த மாத்திரைகள் பழைய முறையில் நழுவிப் போயின. 1990-களில் தண்ணீரை ஆழமாக்கி, நீந்துவதையும் சுவரேறுவதையும் தனித்தனியாக எண்ணத் தொடங்கிய பிறகே அவை பிடிபட்டன. விடை தெரிந்த மருந்துக்கு ஏற்பச் சோதனையைத் திருத்தினால், அது பழகிய மருந்துகளின் உறவினர்களைத்தான் திரும்பத் திரும்பப் பொறுக்கித் தரும். புதிய வழியில் வேலை செய்யும் மருந்தை அது தவறவிட்டால் நமக்குத் தெரியவே தெரியாது.

காலக்கணக்கும் உதைக்கிறது. மனிதருக்கு இந்த மாத்திரைகள் பலன்தர வாரங்கள் ஆகும். எலிக்கோ ஒரே நாளுக்குள் மூன்று வேளை கொடுத்தாலே போதும். இரண்டிலும் நடப்பது ஒன்றுதானா என்ற கேள்வியை இத்துறை அதிகம் கிளறாமல் விட்டது எனக்கு வருத்தமே.

இதைவிட ஆழமான சிக்கல், மிதப்பதற்குக் கொடுத்த பொருளில் இருக்கிறது. அட்ரினல் சுரப்பியை நீக்கிய எலிகள் முதல் நாள் மற்ற எலிகளைப் போலவே மிதந்தாலும், மறுநாள் அந்தப் பாடத்தைச் சரியாக நினைவில் வைத்திருப்பதில்லை. அச்சுரப்பியின் ஹார்மோனைக் கொடுத்தால் நினைவு திரும்புகிறது. நெதர்லாந்தின் டி க்ளூட்டும் மோலன்டைக்கும் இத்தகைய சான்றுகளைத் திரட்டி வாதிட்டார்கள்: ஏறமுடியாத சுவர் என்று தெரிந்தபின் வலுவை வீணாக்காமல் மிதப்பதே உயிர்பிழைக்கும் வழி, எலி அதைக் கற்றுக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்த வாதம் ஏற்புடையது. நெருக்கடியைச் சமாளிக்கத் தெரிந்த விலங்கை நோயாளி என்று பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

அப்படியானால் சோதனை முழுக்கக் குப்பையா? மூளையைப் பதிவு செய்தவர்களின் வேலையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. 2012-இல் ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசரோத் குழுவினர் எலியின் பின்னங்காலில் சிறு காந்தத்தைப் பொருத்தி, தொட்டியைச் சுற்றிக் கம்பிச்சுருள் அமைத்து, ஒவ்வோர் உதையையும் மின்துடிப்பாகப் பிடித்தார்கள். கூடவே மூளையின் முன்நெற்றிப் புறணியிலும் பதிவு எடுத்தார்கள். அங்கிருந்து மூளைத்தண்டிலுள்ள செரோடோனின் மையத்துக்கு இறங்கும் நரம்பிழைகளை ஒளியால் தூண்டியதும் மிதந்த எலி உதைக்கத் தொடங்கியது. ஒளியை நிறுத்தினால் ஓய்ந்தது. அதே தூண்டுதல், திறந்த பெட்டியில் நடமாடும் எலியை வேகப்படுத்தவில்லை. ஆக, அந்தப் பாதை வெறும் காலசைவை இயக்கவில்லை. சவால் எதிரே நிற்கும்போது போராடுவதா விடுவதா என்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது. ‘மனச்சோர்வு’ என்ற சொல் இல்லாமலே நிற்கக்கூடிய கண்டுபிடிப்பு இது.

உளவியலாளர் ஸ்டீவன் மேயரின் ஆய்வுகளும் இதே இடத்துக்கு வருகின்றன. 1967-இல் அவரும் சக உளவியலாளர் செலிக்மனும் நாய்களை வைத்து, தடுக்க முடியாத மின்னதிர்ச்சி விலங்குக்குக் கையறுநிலையைக் கற்றுத்தருகிறது என்றார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, எலி மூளை தந்த சான்றுகளைக் கொண்டு அவர்களே தங்கள் கோட்பாட்டைத் திருப்பிப் போட்டார்கள். நீடித்த வாதைக்கு முன் முடங்குவதுதான் இயல்பு. கட்டுப்பாடு தன் கையில் இருக்கிறது என்பதையே மூளை கற்கிறது, முன்நெற்றிப் புறணி அதை உணர்ந்து செரோடோனின் மையத்தை அடக்குகிறது. தங்கள் பெயரைப் பரப்பிய கருத்தையே மாற்றிக்கொண்ட அந்த நேர்மை அரிது.

விலங்குகள் படும் பாட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2024-இல் இச்சோதனையைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. பெரிய மருந்து நிறுவனங்கள் பலவும் கைவிட்டுவிட்டன. மூளைப் பாதையைத் தேடும் ஒரு துல்லியமான ஆய்வுக்காகச் சில எலிகளை நீரில் விடுவதை என்னால் ஏற்க முடிகிறது. விநாடிகளை மட்டும் எண்ணிவிட்டு மருந்து கண்டதாக அறிவிப்பதற்காக விடுவதை ஏற்க முடியவில்லை.

நம் பார்மசி கல்லூரிகளில் இன்றும் மூலிகைச் சாறுகளை இந்த உருளையை வைத்துச் சோதித்து, மிதக்கும் நேரம் குறைந்தால் மனச்சோர்வு நீக்கி என்று தலைப்பிடும் பழக்கம் உண்டு. பண வசதி இல்லாத இடத்தில் மலிவான சோதனை ஈர்ப்பது புரிகிறது. ஆனால் வேறு வழி இல்லாமலில்லை. பால் வில்னர் 1987-இல் விவரித்த முறையில், கூண்டைச் சாய்ப்பது, படுக்கையை நனைப்பது போன்ற சிறுசிறு தொல்லைகளை எலிகளுக்கு வாரக்கணக்கில் கொடுப்பார்கள். அவற்றுக்குச் சர்க்கரைத் தண்ணீர் மீதான நாட்டம் குறையும். மருந்தை வாரக்கணக்கில் கொடுத்தால் அது திரும்பும். மெதுவான முறை, ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் முடிவு மாறுவதும் உண்டு. ஆனால் இன்பம் மங்குவதையும் மருந்தின் தாமதத்தையும் அது கணக்கில் எடுக்கிறது. அதற்கும் வசதியில்லாத மாணவர், சாறு குடித்த எலி திறந்த பெட்டியில் சும்மாவே கூடுதலாக ஓடுகிறதா என்று பார்த்து, அந்த எண்ணையும் முடிவுக்குப் பக்கத்திலேயே அச்சிடட்டும். தேர்வாளர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.