ஆரஞ்சுச் சட்டை

டெக்சாஸிலிருந்து எல்க் மான் வேட்டைக்குக் கொலராடோ மலையேறுகிறவர்களின் மூட்டையில் எனக்கு மிகப் பிடித்த பொருள் துப்பாக்கி அல்ல, கண்ணைப் பறிக்கும் அந்த ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டைதான். நவம்பர் பனியோடும் ஊசியிலை மரங்களின் கரும்பச்சையோடும் ஒட்டவே ஒட்டாத நிறம். என்ன அருமையான யோசனை!

நிறமறியும் கூம்பணுக்கள் நம் கண்ணில் மூன்று வகை, மான் இனத்துக்கு இரண்டே வகை. தொலைவில் நிற்கும் இன்னொரு வேட்டைக்காரருக்குத் தீயாய்த் தெரிகிற சட்டை, மானுக்கு வெறும் மங்கல். ஆனால் நீலத்தை அது நன்றாகவே பார்க்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இதை வெண்மையூட்டும் சலவைத்தூளில் துவைப்பதில்லை; அந்தத் தூளில் உள்ள ரசாயனம் புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக மினுங்கும்.

கொலராடோவில் துப்பாக்கியோடு எல்க் வேட்டைக்குப் போனால் உடலில் இந்த ஆரஞ்சு 500 சதுர அங்குலம் கட்டாயம், கூடவே அதே நிறத்தில் தொப்பியும் வேண்டும். 2016 முதல் பளீர் இளஞ்சிவப்பும் செல்லும்.

வேட்டையாடாதவர்களுக்கும் இந்தச் சட்டை தேவை. நியூஜெர்சியில் டிசம்பர் மான் வேட்டைக் காலத்தில் காட்டுப் பாதையில் நடக்கப் போகும் நம் குடும்பங்கள், பிள்ளைகளுக்கும் நாய்க்கும் சேர்த்தே வாங்கிவிடலாம்.