மாத்திரை மட்டும் போதுமா?

கல்வராயன் மலையின் கிழக்கு அடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகே இருப்பது வடக்கனந்தல். அங்கே குருதிக் கொதிப்பு உள்ள ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தை அளந்து, மாத்திரை வாங்கி வருவது அவர் வழக்கம். 2020 மார்ச் 24 மாலை பேருந்துகள் நின்றன. ஜூன் மாதத்தில் சில வாரங்கள் ஓடிவிட்டு, மறுபடி செப்டம்பர் வரை நின்றுபோயின. அவருக்குக் கொரோனா வரவில்லை. ஆனால் மாத்திரை தீர்ந்துவிட்டது. நாள்தோறும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொன்ன கணக்கில் இவர் எந்தப் பத்தியில் வருவார்? எதிலும் வரமாட்டார். நம்முடைய விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது.

குருதிக் கொதிப்பின் கொடுமையே அது வலிக்காது என்பதுதான். மாத்திரையை நிறுத்தினால் அன்றே ஒன்றும் நேர்வதில்லை. அழுத்தம் ஓசையின்றி ஏறும். மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் குருதிக் குழாய்கள் மெல்ல மெல்லப் பழுதாகும். ஓராண்டோ ஈராண்டோ கழித்து ஒருவருக்குப் பக்கவாதம் வரும்போது, அதற்கும் பேருந்து நின்ற நாளுக்கும் உள்ள தொடர்பை யாரும் எழுதி வைப்பதில்லை.

காசநோயில் இந்தத் தொடர்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இந்தியாவில் 2019-இல் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் கண்டறியப்பட்டுப் பதிவாயினர். 2020-இல் பதிவானோர் சுமார் 18 லட்சம்தான். நோய் குறைந்துவிட்டது என்று மகிழலாமா? கூடாது. குறைந்தது நோயன்று, கண்டறிதல்தான். கண்டறியப்படாதவர் வீட்டிலேயே இருமிக்கொண்டிருப்பார். கிருமி அந்த வீட்டிலேயே பரவும். மருந்தைப் பாதியில் விட்டவரிடமோ, மருந்துக்கு அடங்காத கிருமி வளர இடமுண்டு.

இது புதிய பாடமுமல்ல. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது அந்நோயால் மாண்டவர் சுமார் 11,300 பேர். அதே காலத்தில் மருத்துவமனைகள் நிலைகுலைந்ததால் மலேரியா, காசநோய், எய்ட்ஸ் ஆகியவற்றால் கூடுதலாக இறந்திருக்கக்கூடியவர்கள் சுமார் 10,600 பேர் என்று பின்னர் ஒரு கணித ஆய்வு மதிப்பிட்டது. கொள்ளை நோய் கொன்றதற்கு ஏறத்தாழ ஈடாக, தடைப்பட்ட சிகிச்சையும் கொன்றிருக்கிறது! ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் உலகம் இந்தப் பாடத்தை மறந்தே நின்றது.

நம் நாட்டில் இதற்கு இரண்டு மாற்றுகள் வந்தன. ஒன்று, 2020 ஏப்ரலில் தொடங்கிய இ-சஞ்சீவனி புறநோயாளர் சேவை. வீட்டிலிருந்தபடியே மருத்துவரிடம் பேச முடிந்தது நல்லதே. ஆனால் அலைபேசி முகத்தைக் காட்டும், குரலைக் கேட்கச் செய்யும். கையில் பட்டை கட்டி அழுத்தத்தை அளக்காது. மேலும், கல்வராயன் மலைச் சிற்றூர்களில் எல்லா இடத்திலும் அலைபேசிக்குச் சமிக்ஞை கிடைப்பதில்லை. எட்டாத இடத்திற்கு எட்டவேண்டிய கருவி, எட்டுகிற இடத்திலேதான் நன்றாக வேலை செய்தது.

மற்றொன்று, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து குருதி அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள், மருந்து தருகிறார்கள். நோயாளி மருத்துவமனைக்கு நடப்பதற்குப் பதிலாக மருத்துவம் நோயாளியிடம் நடந்து வருகிறது. இந்தத் திட்டத்தின் அடிப்படை எண்ணம் சரியானது, பாராட்டத் தக்கது.

எனினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். 2022 டிசம்பரில், 1 கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் வழங்கி விழா எடுத்தார்கள். 1 கோடி பேருக்கு மருந்து போய்ச் சேர்ந்தது என்பது ஒரு கணக்கு. எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்பது வேறு கணக்கு. மேடையில் ஒலிப்பது முதல் கணக்கு. உயிரைக் காப்பது இரண்டாவது.

அந்த இரண்டாவது கணக்கு என்ன சொல்கிறது? தமிழகத்தில் குருதிக் கொதிப்பு உள்ள 100 பேரில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7 பேரே என்று 2020 ஆய்வு கண்டது. 2023-24 ஆய்வில் அது 17 ஆயிற்று. சர்க்கரை நோயில் 11-லிருந்து 17-க்கு உயர்ந்தது. இது முன்னேற்றமே. ஆனால் முழுப் பெருமையையும் இந்தத் திட்டத்திற்கே கொடுக்க முடியாது; ஒன்றன்பின் ஒன்று நடந்தது என்பதாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. அதைவிட முக்கியம், மீதி 83 பேர் இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பது.

2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. பெரிய நோய்க்குப் பெரிய மருத்துவமனை தேவைதான். ஆனால் அடுத்த கொள்ளை நோய் வரும்போது மலையடிவார மக்களைக் காக்கப்போவது, பேருந்து நின்றாலும் நிற்காத சிறு பணிகளே. முன்கூட்டியே கையில் தரப்படும் இரண்டு மாத மருந்து. நடந்து போகும் தொலைவில் அழுத்தமானியுடன் ஒரு தன்னார்வலர். குழந்தைகளுக்குத் தள்ளிப்போகாத தடுப்பூசி நாள். தொற்றின் கணக்கோடு, விட்டுப்போன சிகிச்சையின் கணக்கையும் அரசு நாள்தோறும் வெளியிட வேண்டும். எண்ணப்படாத துன்பத்திற்கு யாரும் மருந்து தேடுவதில்லை.

மாணவர்களே, இந்த ஆய்வை நீங்களும் செய்யலாம். வீட்டில் மாத்திரை சாப்பிடும் பெரியவர் இருந்தால், "மருந்து வாங்கியாயிற்றா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "கடைசியாக என்றைக்கு அளந்தார்கள்? அளவு எவ்வளவு இருந்தது?" என்றும் கேளுங்கள். பதிலை ஒரு நோட்டில் தேதியுடன் குறித்து வையுங்கள். மாதாமாதம் குறித்தால், மருந்து வேலை செய்கிறதா என்பதை அந்தப் பக்கமே சொல்லிவிடும்.