விதிப்பலகையும் விஞ்ஞான வகுப்பும்

நமது நாட்டில் எழுதப்படுவனவற்றுள் மிகப் பெருந்தொகையான இளைஞரின் கண்ணிற் படுவதும், எந்த விமரிசகரின் கவனத்துக்கும் இதுவரை உட்படாததுமான எழுத்து ஒன்று உண்டு. பாடசாலை ஆய்வுகூடத்தின் வாயிலிலே தொங்கும் விதிப்பலகையே அது. நமது நாவல்களை வாசிப்போர் சிலர். கவிதைகளை வாசிப்போர் அவரினும் சிலர். இப்பலகையையோ ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாணவர் வாசிக்கின்றனர். வாசித்து அதற்கேற்ப நடக்கவும் கட்டளையிடப்படுகின்றனர். மக்களின் நடத்தையை உருவாக்கும் எழுத்தெல்லாம் விமரிசனத்துக்கு உரியது என்பது நமது கொள்கையாயின், இப்பலகைக்கு மாத்திரம் விலக்களித்தல் தகாது.

நாம் விஞ்ஞானம் கற்பிப்பவரல்லேம், தமிழ் கற்பிப்பவர். ஆகவே பலகையின் மொழியிலிருந்தே தொடங்குவோம். ஓடாதே, பேசாதே, தொடாதே, முகராதே, சுவைக்காதே, அனுமதியின்றி உள்ளே வராதே. பெரும்பாலும் இவ்வாறே அது செல்லும். இலக்கணத்தில் இவற்றை எதிர்மறை ஏவல் என்போம். ஏவுவோன் யார் என்பது கூறப்படவில்லை. ஏவப்படுவோன் ‘நீ’, அவனும் ஒருமையில் தனித்து நிற்கின்றான். யாவற்றினும் முக்கியமாக, காரணத்தை உணர்த்தும் சொல் ஒன்றேனும் பலகையில் இல்லை. ‘ஏனெனில்’ என்ற சொல்லை வைத்தே வாழும் ஒரு துறையின் வாயிலில், அச்சொல் இல்லாத வாசகம் எழுதப்பட்டிருக்கின்றது.

இதனைக் கூறுவதால், ஆய்வுகூடத்திற்கு விதிகள் வேண்டா என்று நாம் வாதிப்பதாக எவரும் கொள்ளலாகாது. விஞ்ஞான வரலாறே விதிகளின் அவசியத்துக்குச் சான்று. சுவீடனில் வாழ்ந்த இரசாயன அறிஞர் சீலே, தாம் ஆராய்ந்த பொருள்களை நாவிலிட்டுச் சுவை பார்க்கும் வழக்கமுடையவர். 1786ஆம் ஆண்டில், நாற்பத்துமூன்று வயதில், மறைந்தார். 1812இல் ஹம்பிறி டேவி ஆராய்ந்துகொண்டிருந்த நைதரசன் முக்குளோரைட்டு வெடித்து அவருடைய கண்ணைத் தாக்கியது. சுவைக்காதே, கண்ணைக் காத்துக்கொள் என்ற விதிகள் மனித உடல் கொடுத்த விலையால் எழுதப்பட்டவை. அவற்றை அலட்சியம் செய்வது அறியாமை.

ஆனால், நல்ல விதி ஒவ்வொன்றினுள்ளும் ஒரு பாடம் அடங்கியிருக்கின்றது என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது. செறிந்த சல்பூரிக்கமிலத்தை ஐதாக்கும்போது அமிலத்தையே நீருக்குள் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். நீரை அமிலத்துக்குள் ஊற்றலாகாது. ஏன்? அமிலம் நீரினும் அடர்த்தி மிக்கது. இரண்டும் கலக்கும்போது பெருவெப்பம் பிறக்கின்றது. நீரை அமிலத்தின்மேல் ஊற்றினால், மேலே தங்கும் சிறிதளவு நீர் அவ்விடத்திலேயே கொதித்து அமிலத்துளிகளை வாரித் தெறிக்கும். அமிலத்தைப் பெருமளவு நீருக்குள் விட்டாலோ, பிறக்கும் வெப்பத்தை நீர் முழுவதும் பகிர்ந்துகொள்ளும். அடர்த்தி, வெப்பம், கொதித்தல் ஆகிய மூன்று பாடங்கள் இந்த ஒரு விதியினுள் இருக்கின்றன. சூடாக்கும் சோதனைக்குழாயின் வாயை எவர் முகத்துக்கும் நேரே திருப்பலாகாது என்பதும் அத்தகையதே; அடியில் திடீரென உண்டாகும் ஆவி மேலுள்ள திரவத்தை வெளியே எறியும். காரணத்தை நீக்கிவிட்டு ஏவலை மாத்திரம் எஞ்சவிடும் பலகை, விஞ்ஞானத்தை வெளியே நிறுத்திவிட்டே மாணவனை உள்ளே அழைக்கின்றது.

பலகையின் இரண்டாவது குறை இதனினும் பாரதூரமானது. சுவைக்காதே என்பதும் பேசாதே என்பதும் அங்கே ஒரே குரலில், ஒரே அளவான எழுத்தில் நிற்கின்றன. முன்னையது பொருளின் இயல்பிலிருந்து பிறந்த விதி. அதிபர் மாறினாலும் ஆட்சி மாறினாலும் அது மாறாது. பின்னையது மேற்பார்வை செய்வோரின் வசதியிலிருந்து பிறந்தது. இரண்டையும் வேறுபடுத்தி அறிய மாணவனுக்கு வழியில்லை. ஆகவே, பின்னையதை மீறும் வேளையில் முன்னையதையும் சேர்த்தே மீறுகின்றான். ஆசிரியரின் கண்ணை நம்பி நிற்கும் ஒழுங்கு, அக்கண் அகன்றதும் தானும் அகன்றுவிடும். 2005ஆம் ஆண்டில் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கியது. பிரம்பு சுற்றறிக்கையால் அகன்றது. பிரம்பின் மொழியோ பலகையில் இன்னும் இருக்கின்றது.

உழைக்கும் மக்களின் ஒழுங்கு வேறுவகையானது. கொல்லன் பட்டறையில் சிவந்த இரும்பின் அருகே எவரும் விளையாடுவதில்லை. கடலில் வலை வளைக்கும் வேளையில் வள்ளத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் தம் இடமும் தம் வேலையும் தெரியும். அங்கே விதிப்பலகை இல்லை. ஆயினும் ஒழுங்கு உண்டு. காரணம், ஒவ்வொரு வழக்கமும் எதற்காக என்பதைச் சிறுவனும் வேலை செய்துகொண்டே அறிகின்றான். ஆய்வுகூடமும் ஒரு தொழிற்களமே. அதன் ஒழுங்கு தொழிலிலிருந்து எழவேண்டும்.

அடக்கமே நமது மரபு, வாய்மூடிக் கேட்பதே தமிழ் மாணாக்கனின் இலக்கணம் என்று சிலர் கூறுவர். நன்னூலையும் சாட்சிக்கு அழைப்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய அந்நூலின் பொதுப்பாயிரம், பாடங் கேட்கும் மாணாக்கன் ஓவியத்துருப்போல் அடங்கி இருக்கவேண்டும் என்று கூறுவது உண்மையே. ஆனால், இவ்வன்பர்கள் சில அடிகளோடு ஏட்டை மூடிவிடுகின்றனர். ஆசிரியர் கூறியதை நன்றாகக் கேட்டவனும் புலமையிற் காற்பங்கையே பெறுவான். உடன் கற்போரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு வரும். பிறருக்கு எடுத்துரைப்பதால்தான் எஞ்சிய அரைப்பங்கு நிறையும் என்று அதே பாயிரம் கணக்கிடுகின்றது. வினாவுதலையும் வினாவியதற்கு விடை கூறுதலையும் அது மாணாக்கன் கடமைகளோடு சேர்த்தே எண்ணுகின்றது. பவணந்தியாரின் கணக்குப்படி, முழு நேரமும் மௌனம் நிலவும் வகுப்பறை முக்காற்பங்கு கல்வியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டது. மரபை அழைப்பவர்கள் அதன் முழு வாக்குமூலத்தையும் கேட்கவேண்டும்.

இனி, நடத்தைபற்றிய எதிர்பார்ப்பு மாணவனுக்கு மாத்திரமா, ஆசிரியருக்கும் உண்டா என்ற கேள்வி எழுகின்றது. மேரி பட் றோ என்ற அமெரிக்கக் கல்வியாய்வாளர் விஞ்ஞான வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1970களில் தம் முடிவுகளை வெளியிட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்த நேரம் சராசரி ஒரு செக்கன் அளவினதே. அதனை மூன்று செக்கனாகவேனும் நீட்டியபோது விடைகள் நீண்டன. ஊகங்களும் மாணவரின் சொந்தக் கேள்விகளும் பெருகின. வழக்கமாக வாய்திறவாத மாணவரும் பேசத் தொடங்கினர். மூன்று செக்கனுக்குச் செலவு ஏதுமில்லை. திணைக்களத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. ஆயினும், கேட்டுவிட்டுக் காத்திருப்பது ஆசிரியரின் கடமை என்று எழுதிய பலகையை நாம் எங்கும் கண்டதில்லை.

2007ஆம் ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த தேர்ச்சிமையப் பாடத்திட்டம், ஈடுபடுதல், தேடியறிதல், விளக்குதல், விரித்தல், மதிப்பிடுதல் என்னும் ஐந்து படிகளை நமது ஆசிரியர் முன் வைத்தது. தேடியறி என்று பாடத்திட்டம் கூறுகின்றது. தொடாதே என்று பலகை கூறுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்ட மாணவன் யாது செய்வான்? அதற்கான விடையைச் செய்முறைக் குறிப்பேட்டிலே காணலாம்.

நீல நிறமான செப்பு சல்பேற்றுப் பளிங்குகளைச் சோதனைக்குழாயில் இட்டு மெல்ல வெப்பமேற்றினால் அவற்றிலுள்ள நீர் வெளியேற, அவை வெண்ணிறத் தூளாகும்; ஆறிய பின் நீர்த்துளி விழுந்தால் மீண்டும் நீலமாகும். பாடநூல் கூறுவது இது. ஆனால் மாணவர் நாற்பதின்மர் உள்ள வகுப்பில் எல்லாக் குழாய்களும் பாடநூலுக்குப் பணிவதில்லை. ஒருவன் அளவு மீறிச் சூடாக்க, அவனது தூள் ஓரங்களில் கருமை தட்டும். அவன் அதனைக் கண்டபடி எழுதுவானாயின் நல்ல மாணவன். ஏன் கறுத்தது என்று கேட்பானாயின் அதனினும் நல்ல மாணவன். நடப்பதோ வேறு. வெள்ளையென எழுது, பரீட்சையில் வெள்ளை என்றே வரும் என்பார்கள். அவனும் சிவப்புக் கோடிட்ட ஏட்டில், அழகிய கையெழுத்தில், தான் காணாத வெண்மையை எழுதி வைக்கின்றான். வகுப்பு அமைதியாக இருக்கின்றது. ஏடு சுத்தமாக இருக்கின்றது. நடத்தைக்கு முழுப் புள்ளி கிடைக்கின்றது. பொய்ச்சாட்சி சொல்லவும் பயிற்சி கிடைக்கின்றது.

1660ஆம் ஆண்டில் இலண்டனில் நிறுவப்பெற்ற றோயல் சொசைற்றி, எவர் வாய்ச்சொல்லையும் சான்றாகக் கொள்ளேம் என்ற பொருளுடைய வாசகத்தைத் தன் குறிக்கோளாக வரித்துக்கொண்டது. வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் அறிவுக்கு வகுத்த இலக்கணமும் இதற்கு அயலானதன்று. வெண்மை காணாத மாணவனை வெண்மை என எழுதச் செய்யும் ஒழுங்கு இவ்விரண்டுக்கும் பகையானது. கண்முன் உள்ளதை மறைத்து, மேலிடம் விரும்புவதை எழுதிக்கொடுக்க இளமையிலேயே பழகிய தலைமுறை, நாளை அலுவலகத்திலும் பத்திரிகையிலும் அரசியலிலும் யாது எழுதும் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

ஒழுங்கீனம் எனப்படுவதன் பொருளாதார வேரையும் நாம் நோக்கவேண்டும். எண்மர்க்கு ஒரு குழாய், ஒரு சுடரடுப்பு என்றால் ஒருவர் செய்ய எழுவர் சும்மா நிற்பர். சும்மா நிற்கும் இளைஞர் பேசுவர். அப்பேச்சுக்குக் குழப்படி என்று பெயர். குழாயைப் பிடிப்பவன் யார் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் முன்வரிசையில் நிற்கும், தனியார் வகுப்புக்குச் சென்று விடையை முன்பே அறிந்துவந்த மாணவன். பெண்பிள்ளைகளுக்குக் குறிப்பு எழுதும் வேலையும் பாத்திரம் கழுவும் வேலையும். கடற்றொழிலாளியின் மகனும் தோட்டத் தொழிலாளியின் மகளும் பின்னால் நின்று எட்டிப் பார்க்கின்றனர். இலவசக் கல்வி 1945இல் பாடசாலையின் படலையைத் திறந்தது. கன்னங்கராவின் பெயரை நன்றியோடு நினைக்கின்றோம். ஆனால், நாட்டின் ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகளுள் பத்தில் ஒரு பங்களவே உயர்தர விஞ்ஞானப் பிரிவை உடையவை. மலையகத் தோட்டப்புறங்களில் அவை மிக அரிது. உள்ள இடங்களிலும், உடைந்தால் யார் கணக்குக் கொடுப்பது என்ற அச்சத்தால் கருவிகள் அலுமாரியில் பூட்டப்பட்டு, மேற்பார்வையாளர் வரும் நாளில் துடைக்கப்படுகின்றன. படலையைத் திறந்த சமுதாயம் அலுமாரியையும் திறக்கவேண்டும்.

அங்ஙனமாயின் வேண்டப்படும் ஒழுங்கு யாது? அது இன்றுள்ளதினும் கண்டிப்பானது என்றே கூறுவோம். பைகள் மேசைக்குக் கீழே செல்லட்டும், ஓடும் கால் தடுக்கலாகாது என்பதற்காக. கூந்தல் கட்டப்படட்டும், சுவாலை அருகில் இருப்பதற்காக. போத்தலிலிருந்து எடுத்த மருந்தின் மிச்சம் போத்தலுக்குத் திரும்பாதிருக்கட்டும், எஞ்சியதும் அழுக்காகும் என்பதற்காக. குழாய் பிடித்தல், அளத்தல், எழுதுதல், கழுவுதல் என்ற நான்கு வேலைகளும் ஒவ்வொரு கிழமையும் கைமாறட்டும். எந்த வேலையும் எந்தப் பாலுக்கும் எந்தக் குலத்துக்கும் நிரந்தரமாகாதிருக்கட்டும். ஆசிரியர் கை உயர்த்தியதும் எல்லாக் கைகளும் நிற்கட்டும். ஆபத்து வேளையில் அந்த ஒரு சைகை கண்ணைக் காக்கும். நாற்பது நிமிடப் பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடம், ஒவ்வொரு குழுவும் தான் கண்டதையும், பாடநூலோடு மாறுபட்டதையும் பிறருக்குக் கூறுவதற்கு ஒதுக்கப்படட்டும். பவணந்தியாரின் அரைப்பங்கு அங்கே நிறைவெய்தும்.

பரீட்சை நெருங்குகின்றது, நேரமில்லை என்ற ஆட்சேபத்தை நாம் அறிவோம். அதன் பாரத்தை நாமும் சுமக்கின்றோம். ஆயினும் காரணம் அறிந்து நடக்கும் வகுப்பில், அதட்டுவதிற் கழியும் நேரம் மிச்சமாகும். தமிழில் காரணங்கூறி விஞ்ஞானம் கற்பிக்க முடியுமா என்று ஐயுறுவோர், 1847 முதல் 1873 வரை நம் மண்ணில் வாழ்ந்து, மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தையே தமிழிற் கற்பித்த வைத்தியர் கிறீனை நினைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த தவணை தொடங்கும்போது, விஞ்ஞான ஆசிரிய நண்பர்கள் அப்பலகையைச் சுவரிலிருந்து இறக்கி மாணவர் முன் வைப்பாராக. ஒவ்வொரு விதிக்கும் காரணத்தை மாணவரே தேடி, தம் சொல்லில் எழுதட்டும். காரணம் அகப்பட்ட விதி மீண்டும் சுவரேறட்டும். எத்துணை தேடியும் காரணம் அகப்படாத விதி இறங்கியே கிடக்கட்டும். எழுதும் வேலையில் உதவி வேண்டின், அயல் வகுப்பில் இருக்கும் தமிழாசிரியரை அழையுங்கள். ‘ஏனெனில்’ என்ற சொல்லை எங்கே இடுவது என்று காட்ட அவர் மகிழ்வோடு வருவார்.