நிரலாக்கத் தமிழில் ‘வரை’: ஒரு மதிப்பீடு

கணிப்பொறி நிரலெழுதக் கற்போர் முதலில் எதிர்கொள்வன கட்டளைச் சொற்களே. அவை பெரும்பாலும் ஆங்கிலமாதலின், தமிழ்வழி மாணாக்கர் நிரலின் தருக்கத்தையும் அயன்மொழிச் சொல்லையும் ஒருங்கே கற்க நேர்கிறது. இக்குறையைக் களைய முத்தையா அண்ணாமலை உருவாக்கியதே ‘எழில்’ நிரல்மொழி. 2009-இல் இதனை விளக்கும் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

எழிலின் சிறப்பு சொற்களைப் பெயர்த்ததில் மட்டும் அமையவில்லை. ஆங்கில நிரல்களில் நிபந்தனைச் சொல் முன்னும் நிபந்தனை பின்னும் வரும். எழிலில் நிபந்தனை முன்வர, ‘ஆனால்’ அதனைத் தொடர்கிறது. தொடர்முதலில் எதிர்நிலைப் பொருள் தரும் இச்சொல், இவ்விடத்தில் நிபந்தனைப் பொருளையே தருகிறது. பொருள் மயக்கத்தை இடமே நீக்கிவிடுகிறது.

இவ்வெற்றி ‘வரை’ என்பதில் தொடரவில்லை. நிபந்தனை உண்மையாக இருக்கும் காலமெல்லாம் செயலைத் திரும்பச் செய்விப்பது இக்கட்டளை. ‘எண் <= 5’ என்பதன்பின் ‘வரை’ நின்றால், எண் 5-ஐ மிஞ்சும்போதே சுழற்சி நிற்கும். தமிழறிவு கொண்டு படிப்பவரோ, எண் அந்நிலையை அடைந்ததும் சுழற்சி நிற்கும் என்று கொள்ளவும் இடமுண்டு. இது நேர்மாறான பொருளாகும்.

காரணம் இலக்கணத்தில் உள்ளது. ‘மழை இருக்கும் வரை’ என்பது நீடிப்பையும், ‘மழை வரும் வரை’ என்பது முடிவெல்லையையும் குறிக்கும். இவ்வேறுபாட்டைத் தருவது ‘வரை’ அன்று. அதன் முன்னுள்ள பெயரெச்சமே. எழில் அப்பெயரெச்சத்தை விடுத்துச் சொல்லைத் தனியே நிறுத்திவிட்டது.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தின் ‘இருவவரெகெ’, ‘பருவவரெகெ’ என்பனவும் இவ்வாறே வேறுபடுகின்றன. ஆகவே, தமிழக, கேரள எல்லைகளை அடுத்துள்ள கன்னட நாட்டுக் குண்டலுபேட்டை போன்ற ஊர்களில் நிரலாக்கம் கற்பிப்போர்க்கும் இவ்வாய்வு பயன்படும். ஒரு மொழியில் காணும் தீர்வு மற்றொன்றிற்கும் வழிகாட்டும்.

‘இருக்கும்வரை’ என ஒரு சொல்லாக்கினால் மயக்கம் நீங்கும். கட்டளை சற்று நீளும், அவ்வளவே. இல்லையேல், மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை மாணாக்கரின் தருக்கப் பிழையாக எண்ணப்படும். கலைச்சொல்லாக்கத்தில் தனிச்சொல்லுக்குத் தனிச்சொல் தேடுவதினும், அச்சொல் தொடரில் ஆற்றும் பணியை நோக்குவதே முதற்கடனாகும்.